சுவரும் வாக்கும்: லிபர்டேரியன் சமூகத்தில் அந்தரங்கமும் ஒப்பந்த மீறலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்காவின் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் இருக்கும். எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் பேனரில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. படம் எடுத்த ஸ்டுடியோ தன் கடை விளம்பரத்துக்கு அதைப் போட்டிருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய் விசாரித்ததற்கு, "கேமரா எங்களோடது, உழைப்பு எங்களோடது, அப்புறம் படம் மட்டும் எப்படி உங்களோடது ஆகும்?" என்றார்கள். அந்தப் பேச்சில் தவறு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அதைத் தேடிப் போன வழியில்தான் சொத்துரிமையையும் ஒப்பந்தத்தையும் பற்றி லிபர்டேரியன்கள் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தேன். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி எனக்குச் சரியாகப் படுகிறது. ஓரிடத்தில் மட்டும் மனம் ஒப்பவில்லை. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

லிபர்டேரியன் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

உங்கள் உடம்பு உங்களுக்குச் சொந்தம். உழைத்தும் பரிமாறியும் சேர்த்த பொருள் உங்களுக்குச் சொந்தம். பிறருடைய உடம்பிலும் பொருளிலும் நீங்கள் கை வைக்காதவரை உங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. சட்டம் முழுவதையும் இந்த அடித்தளத்தின் மேலேயே கட்டிவிடலாம் என்று நம்புகிறவர்களைத்தான் சொல்கிறேன். அவர்களுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. காவல், நீதிமன்றம், ராணுவம் என்ற அளவில் நிற்கும் சின்ன அரசு போதும் என்றார் ராபர்ட் நோசிக். அதுவும் வேண்டாம், பாதுகாப்பையும் தீர்ப்பையும்கூடச் சந்தையே தரும் என்றார்கள் மரே ராத்பார்டும் டேவிட் ஃபிரீட்மனும்.

அப்படியொரு சமூகத்தில் அந்தரங்கம் ஓர் உரிமையா?

தனி உரிமை கிடையாது. ராத்பார்ட் 1982-ல் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. உங்கள் தலை உங்களுக்குச் சொந்தம். அதில் இருப்பதை வெளியே சொல்லாதே என்று தடுக்க எனக்கு என்ன பாத்தியதை? அந்தரங்கம் என்று நாம் காப்பாற்ற நினைப்பது எல்லாமே வேறு இரண்டு வழிகளில் வருகிறது என்பது அவர் வாதம். ஒன்று, என் சொத்துக்குள் நீங்கள் அத்துமீறி நுழையக் கூடாது. மற்றது, நீங்கள் எனக்குக் கொடுத்த வாக்கை மீறக் கூடாது. சுவர் ஒன்று, வாக்கு ஒன்று.

முதல் தடவை படிக்கும்போது இது கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் அந்தரங்கத்துக்கு ஆதாரமாக இன்றும் காட்டப்படும் பழைய தீர்ப்புகள் பலவும் இந்த இரண்டு வழிகளில் பிறந்தவைதான். 1762-ல் இங்கிலாந்தில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டை அரசரின் ஆட்கள் உடைத்து நுழைந்தார்கள். நான்கு மணி நேரம் பெட்டிகளைக் குடைந்து அவருடைய தாள்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 1765-ல் நீதிபதி கேம்டன் பிரபு அது அத்துமீறல் என்று தீர்ப்புச் சொன்னார். அமைச்சர் கையெழுத்துப் போட்ட வாரண்ட் எந்தச் சட்டத்திலும் இல்லாத அதிகாரம் என்றார். என்டிக்குக்கு 300 பவுண்டு நஷ்ட ஈடு கிடைத்தது. அந்தரங்க உரிமை என்ற பெயரே பரவாத காலத்தில், சொத்துரிமையை மட்டும் வைத்து ஒரு தனிமனிதர் அரசாங்கத்தை வென்றார்.

சுவர் போதும் என்றால் டெலிபோன் ஒட்டுக்கேட்பு?

1928-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தது. சியாட்டிலைச் சேர்ந்த சாராயக் கடத்தல்காரர் ராய் ஓம்ஸ்டெட்டின் டெலிபோன் பேச்சை அரசு ஆட்கள் மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்டார்கள். கம்பியில் கை வைத்தது வீட்டுக்கு வெளியே. வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. ஆகவே இது சோதனையே ஆகாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. சொத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று அதற்குப் பிறகு பலர் சொன்னார்கள். அந்தப் பார்வையை 1967-ல் நீதிமன்றமே கைவிட்டது.

லிபர்டேரியன்கள் இதற்குச் சொல்லும் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. தப்பு சொத்துரிமையில் இல்லை, அதைப் பாதியில் நிறுத்தியதில் இருக்கிறது என்கிறார்கள். அந்தக் கம்பி யாருடையது? டெலிபோன் கம்பெனியுடையது. அதன் அனுமதி இல்லாமல் கம்பியில் ஒட்டுப் போட்டது அத்துமீறல். கம்பெனியே அனுமதித்திருந்தால், பேச்சைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பேன் என்று சந்தாதாரருக்குத் தந்த வாக்கை அது மீறியிருக்கிறது. இரண்டில் எது என்று கேட்க வேண்டிய நீதிமன்றம், வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டது.

சரி, உங்கள் அக்கா படத்துக்கு இதில் என்ன பதில்?

படம் எங்களுடையதா அவர்களுடையதா என்று வாதாடத் தேவையே இல்லை. 1888-ல் லண்டனில் கிட்டத்தட்ட இதே வழக்கு வந்தது. பொல்லார்ட் என்ற பெண்மணி ஒரு ஸ்டுடியோவில் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரர்கள் அதே படத்தைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக அலங்கரித்துக் காட்சிக்கு வைத்தார்கள். கண்ணாடி நெகட்டிவ் கடைக்காரருடையதுதான் என்பதை நீதிபதி மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளருக்குப் படம் போட்டுத் தருவதற்காக மட்டுமே அந்த நெகட்டிவ் எடுக்கப்பட்டது, வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டேன் என்பது இருவருக்கும் இடையே சொல்லாமலே ஏற்பட்ட ஒப்பந்தம் என்று சொல்லி, விற்பனையையும் காட்சியையும் தடுத்துவிட்டார்.

இதைப் படித்தபோதுதான் அந்த ஸ்டுடியோக்காரரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. கேமரா உங்களோடதுதான், உழைப்பும் உங்களோடதுதான். ஆனால் மணமேடைக்கு இரண்டடி பக்கத்தில் நின்று அவள் முகத்தை எடுக்க உங்களை உள்ளே விட்டது ஒரு காரியத்துக்காக. அந்தக் காரியம் ஆல்பம்.

ஒப்பந்தத்தை மீறினால் என்ன ஆகும்? எல்லா வாக்கும் செல்லுமா?

பலருக்கு ஆச்சரியம் தருவது இந்த இடம். 1977-ல் வில்லியம்சன் எவர்ஸ் முன்வைத்து, பிறகு ராத்பார்ட் எடுத்துக்கொண்ட கொள்கைப்படி, வெறும் வாக்கு எதையும் கட்டுப்படுத்தாது. பொருளின் பாத்தியதை கை மாறியிருந்தால்தான் ஒப்பந்தம். ஒரு பாடகர் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை என்று வையுங்கள். அவரை இழுத்துவந்து பாடவைக்க முடியாது. மனிதனின் மனசு அவனிடமிருந்து பிரித்து விற்கக்கூடிய பொருள் கிடையாது. ஆனால் அட்வான்ஸ் வாங்கியிருந்தால், அந்தப் பணம் "வந்து பாடினால் உன்னுடையது" என்ற நிபந்தனையோடு கை மாறியது. பாடாமல் வைத்துக்கொண்டால் அது அடுத்தவர் காசை வைத்திருப்பது, அதாவது திருட்டு.

இதை அந்தரங்கத்துக்குப் பொருத்திப் பாருங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். என்ன பொருள் கை மாறியது? ஒன்றுமில்லை. ஆக இந்தக் கொள்கையின்படி வெறும் ரகசியச் சத்தியத்துக்குப் பலமே இல்லை. பலம் வர வேண்டுமானால் பணத்தை அதோடு கட்ட வேண்டும்: "நான் இதை வெளியே சொன்னால் என் பணத்தில் ஐந்து லட்சம் ரூபாய் அந்த நிமிடமே உன்னுடையது." இப்போது மீறல் நடந்தால், அந்தத் தொகையைத் தராமல் இருப்பதே குற்றமாகிறது.

எல்லா லிபர்டேரியன்களும் இவ்வளவு தூரம் போவதில்லை. சட்டப்படி கட்டுப்படச் சம்மதம் தெரிவித்ததே போதும் என்று 1986-ல் ராண்டி பார்னெட் எழுதினார். ஆனால் பணம் எழுதாத வாக்கு நடைமுறையில் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு ஒரு வழக்கு போதும். அமெரிக்காவின் ஜெட்புளூ விமான நிறுவனம் பயணிகளின் விவரத்தை வெளியாருக்குத் தர மாட்டோம் என்று தன் கொள்கை அறிக்கையில் சொல்லியிருந்தது. 2002-ல் லட்சக்கணக்கான பயணிகளின் விவரத்தை ராணுவத்துக்காக ஆய்வு செய்த டார்ச் கான்செப்ட்ஸ் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தது. பயணிகள் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்த மீறல் என்றே வைத்துக்கொண்டாலும் உங்களுக்குப் பண நஷ்டம் என்ன என்று கேட்டு 2005-ல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. ரகசியம் போனதற்கு ரூபாய்க் கணக்கு எங்கிருந்து காட்டுவது? முன்கூட்டியே எழுதியிருந்தால்தான் உண்டு.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1982-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தேர்தலின்போது ஓர் ஆலோசகர், பெயரை வெளியிட மாட்டோம் என்ற உறுதியின் பேரில் பத்திரிகை நிருபர்களுக்குத் தகவல் கொடுத்தார். ஆசிரியர்கள் அந்த உறுதியை மீறிப் பெயரைப் போட்டார்கள். அன்றைக்கே அவருக்கு வேலை போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்திரிகைச் சுதந்திரம் இந்த வாக்கு மீறலுக்குக் கேடயமாகாது என்று 1991-ல் தீர்ப்பு வந்தது. கடைசியில் அவருக்கு 2,00,000 டாலர் நிலைத்தது. அவரால் காட்ட முடிந்த நஷ்டம், வேலை.

எவ்வளவு பெரிய தொகையும் எழுதலாமா?

பாத்தியதைக் கொள்கைக்காரர்களிடம் கேட்டால் எழுதலாம் என்பார்கள். நம் நாட்டில் முடியாது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவுப்படி, எழுதிய தொகை மேல்வரம்புதான். அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். பேராசைக்காரக் கடன்காரர்களிடமிருந்து ஏழையைக் காக்க இது உதவுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத மூன்றாவது ஆள் கையில் விஷயம் கிடைத்துவிட்டால்?

எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி இதுதான். லிபர்டேரியன் கட்டடத்தில் விரிசல் இருப்பதும் இங்கேதான்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ஸ்டுடியோ ஒருவழியாகப் பேனரை இறக்கியது. அதற்குள் ஓர் அழகு நிலையம் அந்தப் பேனரை ஃபோனில் படம் எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தது. ஸ்டுடியோவோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருந்தது. அழகு நிலையத்தோடு என்ன இருந்தது? பொது வழியில் நின்று கண்ணில் பட்டதை எடுத்தார்கள். எங்கள் சுவரைத் தாண்டவில்லை, எங்களுக்கு வாக்கும் கொடுக்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டும். இதை மிகத் தெளிவாகக் காட்டியது 1996-ல் வந்த புரோசிடி வழக்கு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டெலிபோன் டைரக்டரிகளைத் தொகுத்துக் குறுந்தகடாக விற்றது ஒரு நிறுவனம். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை உள்ளே இருந்தது. வாங்கிய ஒருவர் அதை இணையத்தில் போட்டுக் காசு பார்த்தார். வாங்கியவரை நிபந்தனை கட்டும் என்றார் நீதிபதி ஈஸ்டர்புரூக். கூடவே, அந்தத் தகட்டைத் தெருவில் கண்டெடுத்தவரை அது கட்டாது என்றும் சொன்னார்.

ராத்பார்ட் இதைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டார். ஒருவர் எலிப்பொறி கண்டுபிடித்து, நகல் எடுக்கும் உரிமையை மட்டும் தன்னிடம் நிறுத்திக்கொண்டு மீதியை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். வாங்கியவரிடம் அந்த உரிமை இல்லை. தன்னிடம் இல்லாததை அவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே கை மாறி கை மாறிப் போனாலும் தடை கூடவே போகும். அந்தரங்கத் தகவலுக்கும் இதைப் பொருத்திப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் காப்புரிமை வழக்கறிஞரான ஸ்டீஃபன் கின்செல்லா 2001-ல் இதற்குச் சொன்ன மறுப்பை என்னால் தாண்ட முடியவில்லை. எலிப்பொறி ஒரு பொருள், அதன் உரிமையைப் பிரிக்கலாம். ஆனால் தெருவில் போகும்போது பொறியைப் பார்த்து அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டவர் யாரிடமும் எதையும் வாங்கவில்லை. அவர் தலையில் வந்த அறிவு யாருக்கும் சொந்தமான பண்டம் இல்லை.

இதன் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதை 2018-ல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரம் காட்டியது. ஃபேஸ்புக்கில் ஒரு வினாவிடைச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். தகவல் போனதோ 8 கோடியே 70 லட்சம் பேருடையது வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. செயலியை நிறுவியவர்களின் நண்பர்கள் என்பதற்காக மற்றவர்கள் சிக்கினார்கள். அந்த நண்பர்கள் செயலியோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. அவர்கள் பெயரில் சம்மதம் கொடுத்தது வேறு யாரோ.

இனி என் கருத்து. மூன்றாவது ஆள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. விக்டோரியா மகாராணியும் ஆல்பர்ட் இளவரசரும் தங்கள் வீட்டுக்காக வரைந்த செதுக்குச் சித்திரங்களின் படிகள், வின்ட்சர் அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர் வழியாக வெளியே கசிந்தன. ஸ்டிரேஞ்ச் என்ற பதிப்பாளர் அவற்றைக் கண்காட்சி வைத்துப் பட்டியலும் போடத் தயாரானார். அவர் அரச குடும்பத்தோடு எந்த ஒப்பந்தமும் செய்யாதவர். இருந்தும் 1849-ல் நீதிமன்றம் தடுத்தது: சித்திரம் வரைந்தவரின் சொத்து, வெளியே வந்த வழி நம்பிக்கை மீறல். அந்த மீறலின் மேல் நின்று யாரும் லாபம் பார்க்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இந்தக் கோட்டை நான் ஏற்கிறேன். மீறலைத் தூண்டியவரும், மீறித்தான் வந்தது என்று தெரிந்தே வாங்கியவரும் பொறுப்பேற்க வேண்டும். பேசி முடித்த பாடகியை அதிகப் பணம் காட்டி இழுத்த நாடக அரங்கு முதலாளி, கையெழுத்துப் போடாதவராக இருந்தும் பொறுப்பாவார் என்று லம்லி என்பவருக்கும் கை (Gye) என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் 1853-லேயே சொல்லியிருக்கிறார்கள். கறாரான ராத்பார்ட் வழியினர் இதை ஏற்க மாட்டார்கள். தூண்டுவது வெறும் பேச்சு என்பார்கள். அவர்களோடு நான் பிரிவது இந்த இடத்தில்தான். திருட்டு நகை என்று தெரிந்தே வாங்கியவரை விடாதவர்கள், திருட்டு ரகசியத்தைத் தெரிந்தே வாங்கியவரை விடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. ஒன்றும் அறியாமல் கேள்விப்பட்டவரை மட்டும் விட்டுவிடத்தான் வேண்டும். அந்த அழகு நிலையம் எந்த வகை என்று கேட்டால், ஒன்றும் அறியாத இந்த வகை என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

ரகசியத்தைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் வாங்கினால்?

ராத்பார்டும் வால்டர் பிளாக்கும் இது குற்றம் ஆகாது என்றார்கள். வெளியே சொல்வது குற்றம் இல்லை, சொல்லாமல் இருக்கக் காசு கேட்பதும் குற்றம் இல்லை, இரண்டும் சேர்ந்தால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர்கள் கேள்வி. நோசிக் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். நல்ல வியாபாரத்தில், எதிராளி இந்த உலகத்திலேயே இல்லாமல் போனால் எனக்கு நஷ்டம்; மளிகைக் கடைக்காரர் இல்லாமல் போனால் எனக்கு அரிசி கிடைக்காது. மிரட்டுகிறவன் இல்லாமலே போயிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை, நிம்மதிதான். இப்படிப்பட்ட பரிமாற்றத்தைத் தடுக்கலாம் என்றார். கடன் செயலிகள் பெண்களின் படத்தை மார்ஃபிங் செய்து உறவினர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டும் ஊரில் வாழ்கிற எனக்கு, நோசிக்கின் கோடு அவசியமானது.

என் நற்பெயர் என் சொத்து இல்லையா?

இல்லை என்பார்கள். நற்பெயர் என்பது பிறர் உங்களைப் பற்றி நினைப்பது, பிறர் நினைப்பு உங்களுக்குச் சொந்தமாகாது. தமிழ் வாசகர்களுக்கு இதையொட்டி நினைவு வர வேண்டியது ஆட்டோ சங்கர் வழக்கு. சிறையிலிருந்து அவர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். தங்கள் பெயர் கெடும் என்பதற்காக அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது, பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதியின்றியே வெளியிடலாம் என்றது உச்ச நீதிமன்றம் 1994-ல். அதே தீர்ப்பில், தனிமனிதரைத் தனியே விட்டுவிட வேண்டும் என்ற உரிமையையும் அரசியல் சாசனத்திலிருந்து எடுத்துக் காட்டியது. முதல் பாதிக்கு எந்த லிபர்டேரியனும் கைதட்டுவார்.

அரசு நீதிமன்றம் இல்லையென்றால் மீறலை யார் விசாரிப்பது?

நடுவர்கள். இது கற்பனை இல்லை. நியூயார்க் வைர வியாபாரிகளின் மன்றத்தைப் பற்றி 1992-ல் லிசா பெர்ன்ஸ்டைன் எழுதிய ஆய்வு புகழ்பெற்றது. அங்கே தகராறு மன்றத்துக்குள்ளேயே தீர்க்கப்படும், விசாரணை ரகசியமாக நடக்கும். தீர்ப்புத் தொகையை உடனே கட்டினால் விஷயம் வெளியே வராது. கட்டவில்லையென்றால் பெயர் பகிரங்கமாகும், அதோடு தொழில் போயிற்று. நம்மவர்களிலும் நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் உண்டியல் என்ற பணச் சீட்டை நம்பியே பெரும் தொகைகளைப் புரட்டினார்கள். ரங்கூன் கோயிலில் கூடி மாதாமாதம் நடப்பு வட்டியைத் தங்களுக்குள் முடிவு செய்தார்கள். வாக்குத் தவறியவருக்கு இருந்த பெரிய பயம் கோர்ட்டைவிடச் சொந்தபந்தம்தான்.

ஆனால் இரண்டு சிக்கல்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். வைர வியாபாரி நாளைக்கும் அதே மன்றத்துக்கு வந்தாக வேண்டும். என் அக்காவுக்குக் கல்யாணம் ஒரே தடவை. ஸ்டுடியோ அவளை இனி பார்க்கப் போவதில்லை. திரும்பத் திரும்ப வரும் உறவில் வேலை செய்யும் பயம், ஒருமுறை வரும் வாடிக்கையாளரிடம் வேலை செய்யாது. அடுத்தது, பெயரைக் கெடுத்துத் தண்டிக்கும் முறை ஓடவேண்டுமானால் எல்லோரைப் பற்றியும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கறுப்புப் பட்டியல் என்பதே அந்தரங்கத்தைத் தின்று வளரும் பொருள். அரசு இல்லாத சமூகம் அந்தரங்கத்தைக் காக்க, அந்தரங்கத்தையே கொஞ்சம் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அரசனும் நிர்வாக அரசும் இல்லாமல் நடந்த ஐஸ்லாந்தையும் (930 முதல் 1262 வரை) ஃபிரீட்மன் உதாரணமாகக் காட்டுவார். வழக்குப் போடுவதும் தீர்ப்பை நிறைவேற்றுவதும் அங்கே பாதிக்கப்பட்டவரின் வேலை. வழக்கை இன்னொருவருக்கு விற்கக்கூட முடிந்தது. ஆனால் அங்கே ஒரு பெண்ணைப் பற்றிக் காதல் கவி கட்டுவதே ஊர்விலக்குக்கு உரிய குற்றம். சொத்தையும் ஒப்பந்தத்தையும் தாண்டிய ஒரு மானக்கணக்கு அவர்கள் சட்டத்தில் இருந்தது.

என் தகவலை வைத்திருந்த கம்பெனி திவாலானால்?

2000-ல் டாய்ஸ்மார்ட் என்ற இணையப் பொம்மைக் கடை மூடப்பட்டது. வாடிக்கையாளர் விவரத்தை ஒருபோதும் வெளியாருக்குத் தர மாட்டோம் என்று சொல்லியிருந்த கடை, கடன் அடைக்க அந்தப் பட்டியலையே விற்பனைக்கு வைத்தது. குழந்தைகளின் பெயரும் பிறந்தநாளும்கூட அதில் இருந்தன. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. கடைசியில் கடையின் பெரும்பங்குதாரரான டிஸ்னியின் துணை நிறுவனம் 50,000 டாலர் கொடுக்க, பட்டியல் அழிக்கப்பட்டது.

இதற்கு லிபர்டேரியன் வழியில் ஒரு நல்ல மருந்து இருக்கிறது: தகவலை விற்காதீர்கள், அடைக்கலமாகக் கொடுங்கள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து வைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் கடனுக்கு உங்கள் வீடு ஏலத்துக்குப் போகாது. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், செல்போன் இருப்பிடப் பதிவுகளைப் போலீஸ் எடுத்தது பற்றிய கார்பென்டர் வழக்கில், நீதிபதி கோர்சச் தன் மாறுபட்ட தீர்ப்பில் இதே திசையில் யோசித்தார். டெலிபோன் கம்பெனியிடம் இருக்கும் என் இருப்பிடப் பதிவு என்னுடைய அடைக்கலப் பொருளாக இருக்கலாம். இன்னொருவர் கையில் இருப்பதாலேயே என் பாத்தியதை போய்விடாது என்ற யோசனை. உரிமை யாருக்கு என்று முதலிலேயே எழுதியிருந்தால் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது.

"ஒத்துக்கொள்கிறேன்" பொத்தானை அமுக்கினால் ஒப்பந்தம் ஆகிவிடுமா?

சம்மதத்தையே அடித்தளமாகக் கொண்ட கொள்கைக்காரர்கள் இதில்தான் அதிகக் கறாராக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். படிக்க முடியாத நீளத்தில், எப்போது வேண்டுமானாலும் ஒருபக்கமாக மாற்றிக்கொள்வேன் என்ற வரியோடு வரும் தாளுக்குச் சம்மதம் என்ற பெயர் பொருந்தாது. படிக்காமல் அமுக்கியது உன் தப்பு என்று சொல்லும் லிபர்டேரியன்களும் இருக்கிறார்கள். எதற்குச் சம்மதித்தார் என்று அந்த ஆளிடமே கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும் என்பதுதான் நான் வைக்கும் அளவு.

இப்போது தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அது போதாதா?

2023-ல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்: இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. கவனக்குறைவால் தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தரச் சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டமே நீக்கச் சொல்கிறது. அமெரிக்காவிலும் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்துக்குப் பின் 2019-ல் ஃபேஸ்புக் கட்டிய 500 கோடி டாலர் அரசு கருவூலத்துக்குத்தான் போனது. பயனர்களுக்கு ஏதாவது கிடைத்தது என்றால், அவர்களே தொடுத்த கூட்டு வழக்கில் 2022-ல் ஒத்துக்கொள்ளப்பட்ட 72.5 கோடி டாலரில்தான்.

லிபர்டேரியன்கள் சொல்வதில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான். அடி வாங்கியவருக்கு ஈடு போக வேண்டும். அக்காவின் முகம் பேனரில் போனதற்கு டெல்லிக் கருவூலத்துக்குப் பணம் வருவதில் அவளுக்கு என்ன நியாயம் கிடைத்தது?

லிபர்டேரியன்களே அந்தரங்க வழக்கு நடத்தியிருக்கிறார்களா?

அமெரிக்கத் தொழில்நுட்ப முதலீட்டாளர் பீட்டர் தீல் தன்னை லிபர்டேரியன் என்று சொல்லிக்கொண்டவர். அவர் ஓரினச் சேர்க்கையாளர் என்று 2007-ல் காக்கர் என்ற இணைய ஊடக நிறுவனத்தின் தளம் வெளியிட்டது. பிறகு அதே காக்கர் மேல் மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் போட்ட அந்தரங்க வழக்குக்கு தீல் ரகசியமாகப் பணம் கொடுத்தார். 2016-ல் 14 கோடி டாலர் தீர்ப்பு வந்து அந்த நிறுவனம் திவாலானது. அவர் துணைபோன வழக்கு நின்றது அரசு நீதிமன்றத்தின் அந்தரங்கச் சட்டத்தில். ராத்பார்டின் சமூகத்தில் அந்தச் சட்டமே இருந்திருக்காது.

சரி, நடைமுறையில் நான் என்ன செய்யலாம்?

போன தை மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். படம் எடுக்க வந்தவரிடம் ஒரு பக்கத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கினோம். படங்கள் ஆல்பத்துக்கும் குடும்பத்துக்கும் மட்டும். விளம்பரத்துக்கு வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் மணப்பெண்ணின் எழுத்துபூர்வமான சம்மதம். மூலக் கோப்புகள் எங்களுக்குச் சொந்தம், அவரிடம் இருப்பது அடைக்கலம். பேசிய தொகையில் 15,000 ரூபாயைப் பிடித்து, இரண்டு தரப்புக்கும் பொதுவான ஓர் உறவினரிடம் ஒரு வருடத்துக்குக் கொடுத்து வைத்தோம்; மீறல் இல்லையென்றால் அது அவருக்கு, மீறினால் எங்களுக்கு. படக்காரர் தாளை இரண்டு தடவை படித்தார். அப்புறம், தன் தங்கை கல்யாணத்துக்கு வரப்போகும் கேமராக்காரருக்கும் இதையே கொடுக்க வேண்டும் என்று சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொண்டு போனார்.